32 கேட்டவருக்கு 28 ஏன்? ஒரு பிக்ஸட் கியர் சைக்கிளின் டயர் அகலம்: நிகழ்வு ஆய்வு

பிக்ஸட் கியர் சைக்கிளுக்கு, அதாவது சக்கரம் ஓடும்வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும் ஒற்றைக் கியர் சைக்கிளுக்கு, எத்தனை மி.மீ. டயர் போடலாம் என்று யாராவது கேட்டால், செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். கியர் மாற்றும் வசதியுள்ள ரோடு சைக்கிளில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே பின்சக்கரத்தின் அச்சு ஒரே இடத்தில் நிற்கும். பிரேம் எவ்வளவு அகலத்துக்கு இடம் தருகிறதோ அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. பிக்ஸட் கியரில் செயினை இறுக்கப் பெரும்பாலும் வேறு வழி கிடையாது. பின்சக்கரத்தையே முன்னும் பின்னும் நகர்த்தித்தான் இறுக்க வேண்டும். ஆகவே பற்களின் எண்ணிக்கை மாறினால் அச்சின் இடம் மாறும், அச்சின் இடம் மாறினால் டயருக்குக் கிடைக்கும் இடமும் மாறும். அதே பற்களின் எண்ணிக்கைதான் டயர் எந்த இடத்தில் தேயும் என்பதையும் தீர்மானிக்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் அகலத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், நல்ல டயரை வாங்கித் தவறான சைக்கிளில் மாட்டியது போலாகிவிடும். ஒரே ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு இதை முழுவதுமாகப் பார்க்கலாம்.

சைக்கிளும் அது ஓடும் தெருவும்

சான் பிரான்சிஸ்கோவில் என்னுடன் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர் ஒருவருடைய சைக்கிள் இது. டிராக் பந்தய (சைக்கிளுக்கென்றே கட்டிய வட்டத்தளப் பந்தயம்) வடிவில் செய்யப்பட்ட எஃகு பிரேம். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின் அகலம் டிராக் அளவான 120 மி.மீ.; பெடலைத் தாங்கும் கிராங்க் 165 மி.மீ.; 700சி அளவு ரிம், அதன் உள் அகலம் 15 மி.மீ. முன் செயின் வீலில் 48 பல், பின்னால் 16 பல். இரண்டு சக்கரத்திலும் 23 மி.மீ. டயர், 110 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று. முன்சக்கரத்துக்கு, ரிம்மை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் ஒரு காலிப்பர் பிரேக் இருக்கிறது. ஓட்டுபவர், சைக்கிள், முதுகுப்பை, பூட்டு எல்லாம் சேர்ந்து 88 கிலோ.

பிரேக்கைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. உலர்ந்த, சமமான, சுத்தமான சாலையில் ஒரு சக்கரத்தையாவது சறுக்க வைக்கும் திறனுள்ள பிரேக் சைக்கிளில் இருக்க வேண்டும் என்று கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 21201-ஆம் பிரிவு சொல்கிறது. பின்சக்கரத்தைக் காலால் பூட்டிச் சறுக்கினாலே அது பிரேக்தான் என்று வாதாடுபவர்கள் உண்டு. சட்டம் எப்படி இருந்தாலும், பின்சக்கரத்தை மட்டும் நம்பி இறங்கக்கூடிய ஊர் அல்ல அது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. அதனால் பின்சக்கரம் மட்டும் தரும் நிறுத்த சக்தி, நல்ல முன் பிரேக் தருவதில் பாதிகூட வராது. டயர் எவ்வளவு அகலமானாலும் இந்தக் கணக்கு மாறாது. முன் பிரேக் இல்லாத பிக்ஸட் கியருக்கு டயர் ஆலோசனை சொல்ல நான் சம்மதிப்பதில்லை.

அவர் தினமும் போகும் வழி, இன்னர் சன்செட்டில் தொடங்கி, பான்ஹேண்டில் பூங்காவைக் கடந்து, 'விகில்' என்று அங்கே அழைக்கப்படும் வளைவுப் பாதையில் இறங்கி, டுபோஸ் வழியாக மார்க்கெட் தெருவைப் பிடித்து நிதி வட்டாரத்துக்குச் செல்கிறது. ஸ்காட், ஹெய்ட், பியர்ஸ், வாலர், ஸ்டைனர் என்று தெருவுக்குத் தெரு திரும்பித் திரும்பி மேடுகளைத் தவிர்க்கும் பாதைதான் விகில். பெடலை நிறுத்த முடியாத சைக்கிளுக்கு இத்தனை திருப்பங்கள் ஒரு சோதனை. டுபோஸில் 'என்-ஜூடா' வரிசை டிராமின் தண்டவாளம் குறுக்கிடும். மார்க்கெட் தெருவில் எஃப் வரிசைப் பழைய டிராம்களின் தண்டவாளம் கூடவே ஓடும். 2020 ஜனவரியில் அந்தத் தெருவின் பெரும்பகுதியில் தனியார் கார்களைத் தடுத்தார்கள். அதற்குப் பிறகு சைக்கிளுக்கு இடம் கிடைத்தது, தளம் மட்டும் பஸ்களின் எடையால் ஒட்டும் வெடிப்புமாகத்தான் இருக்கிறது.

அவருக்கு மூன்று தொல்லைகள். பின் டயர் ஒரே இடத்தில் நூல் தெரியும்வரை தேய்கிறது, சுற்றிலும் மற்ற இடமெல்லாம் புதிதாகவே இருக்கிறது. குழியில் இறங்கினால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்தது போல இரட்டைத் துளை விழுகிறது. அலுவலகம் போய்ச் சேரும்போது கை மரத்துப்போகிறது. "அண்ணா, 32 போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அகல டயருக்கு ஆதரவான வாதம்

டிராக்கில், 250 மீட்டர் மரத்தளத்தில், 19 முதல் 23 மி.மீ. வரையிலான ட்யூபுலர் டயரை (ரிம்மில் ஒட்டப்படும் வகை) 10 பாருக்கும், அதாவது சுமார் 145 பிஎஸ்ஐக்கும் மேலே காற்றடித்து ஓட்டுவது பொருத்தமானது. அங்கே தளம் கண்ணாடி போல வழுவழுப்பானது, காற்றுத் தடைதான் முதல் எதிரி. டிராக் பிரேம்கள் அந்த டயருக்காகவே இறுக்கமாகச் செய்யப்பட்டன. தபால் கொண்டுசெல்லும் மெசஞ்சர்கள் அந்தப் பிரேம்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தபோது 23 மி.மீ. டயரும் கூடவே வந்து, பழக்கமாகிவிட்டது. அந்தத் தெருவுக்கு அது ஒருபோதும் பொருத்தமாக இருந்ததில்லை என்பது என் கருத்து.

டயரை இரும்பு உருளையில் சுழலவிட்டுச் சோதித்தால், காற்று ஏற ஏற உருளும் தடை குறைந்துகொண்டே போகும். உண்மையான சாலையில் அப்படி நடப்பதில்லை. ஒரு எல்லைக்கு மேல் காற்றடித்தால், சாலையின் சொரசொரப்பு சைக்கிளையும் ஓட்டுபவரின் உடலையும் அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் சதையும் தசைநாரும் உறிஞ்சும் சக்தி பெடலிலிருந்து வந்த சக்திதான். சியாட்டிலிலிருந்து வெளிவரும் பைசைக்கிள் குவாட்டர்லி இதழில் யான் ஹைன் மனிதர்களை ஏற்றி, சாலையிலேயே டயர்களைச் சோதித்து இதை எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று பந்தய வீரர்களே 28, 30 என்று போய்விட்டார்கள்.

பிக்ஸட் கியருக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் போதிய அளவு பேசுவதில்லை. பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடும் பிரீவீல் உள்ள சைக்கிளில் குழி வருவதைக் கண்டால் பெடலை நிறுத்தி, இரண்டு பெடலையும் சமமாக வைத்து, இருக்கையிலிருந்து சற்றே எழுந்து முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். உடலின் எடையைக் கால்கள் வாங்கிக்கொள்ளும், சக்கரம் குழியில் லேசாக இறங்கி ஏறும். பிக்ஸட் கியரில் பெடல் சுழன்றுகொண்டே இருக்கும். எழுந்தாலும் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. அடுத்த கணம் அது தலைகீழாகும். கைதேர்ந்தவர்கள் சுழற்சியோடு சேர்ந்து எம்பத் தெரிந்துவைத்திருக்கிறார்கள், மற்றவர்கள் குழியை முழு எடையோடு வாங்குகிறார்கள். எனவே மற்ற சைக்கிள்களில் கால் செய்யும் வேலையை இங்கே டயரிலுள்ள காற்றுதான் செய்தாக வேண்டும். பிக்ஸட் கியர் ஓட்டுபவருக்குச் சாதாரண ரோடு சைக்கிள்காரரைவிட அகலமான டயர் தேவை என்று நான் சொல்வதற்கு இதுவே முதன்மையான காரணம். நடைமுறையில் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது.

திருப்பத்திலும் இதே கதை. உள்பக்கப் பெடலை மேலே தூக்கி வைத்துக்கொண்டு சாய முடியாது, அது தரையைத் தொடும் அபாயம் எப்போதும் உண்டு. டிராக் பிரேமில் கிராங்கின் அச்சு சற்று உயரமாக இருப்பது இதற்காகத்தான். 23-இலிருந்து 28-க்குப் போனால் இரண்டு சக்கரமும் சுமார் 4, 5 மி.மீ. உயர்கின்றன. சாய்வில் ஏறக்குறைய ஒரு பாகை கூடுதலாகக் கிடைக்கிறது. விகிலின் திருப்பங்களில் அது வரவேற்கத்தக்க ஒரு பாகை.

ஆக அகலம் வேண்டும் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியது பிரேம்.

அளவெடுப்பு

முதலில் புதிய செயினை மாட்டினோம். பழைய செயின் நீண்டிருக்கும், அதை வைத்து அச்சின் இடத்தை அளப்பதில் பயனில்லை. 48×16 பல்லுக்கு 94 கண்ணிச் செயின் மாட்டியபோது, கிராங்க் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை 388 மி.மீ. இருந்தது. அச்சு நுழையும் பிளவில் அது முன்பக்கமாகத் தள்ளி நின்றது, பின்னால் இன்னும் நிறைய இடம் காலியாக இருந்தது.

டயரின் மிக அகலமான பகுதி நிற்கும் இடத்தில், செயினை ஒட்டி ஓடும் இரண்டு பின்குழாய்களுக்கு நடுவே உள் இடைவெளி 34 மி.மீ. சீட் குழாய்க்கும் 23 மி.மீ. டயருக்கும் நடுவே 7 மி.மீ. முன் போர்க்கின் கால்களுக்கு நடுவே 40 மி.மீ. தாராளமாக இருந்தது. ஆனால் அங்கே பிரேக் காலிப்பர் குறுகிய கை கொண்டது, 39 முதல் 49 மி.மீ. வரை எட்டும் வகை. அதன் அடிப்பக்கம்தான் முன் டயருக்குக் கூரை.

அடுத்து டயரின் உண்மையான அகலம். பக்கவாட்டில் 28-622 என்று அச்சிட்டிருந்தால் 28 என்பது பெயரளவு அகலம், 622 என்பது ரிம்மில் டயரின் விளிம்பு உட்காரும் விட்டம். அந்த 28 எல்லா ரிம்மிலும் 28 ஆக நிற்காது. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடினால் டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. அகலும். இவருடைய 15 மி.மீ. ரிம்மில் 28 டயர், காற்றடித்து ஓர் இரவு விட்டபின், 27 மி.மீ. காட்டியது. 32 டயர் 31 காட்டியது, பார்ப்பதற்கே பல்பு போல மேலே உப்பி அடியில் குறுகி நின்றது. அந்த வடிவத்தில் திருப்பத்தில் சாய்ந்தால் டயர் பக்கவாட்டில் நெளியும். 15 மி.மீ. ரிம்முக்கு 32 என்பது எல்லைக்கோட்டில் நிற்கும் சேர்க்கை.

இப்போது கழித்துப் பார்க்கலாம். பின்குழாய்களுக்கு நடுவே 34. அதில் 31 மி.மீ. டயர் போனால் பக்கத்துக்கு 1.5 மி.மீ. மிச்சம். பேச்சுக்கே இடமில்லை. 27 மி.மீ. போனால் பக்கத்துக்கு 3.5. ரோடு சைக்கிளில் சிலர் இதைப் போதும் என்பார்கள். பிக்ஸட் கியரில் போதாது. இங்கே முன்னால் மிதித்தாலும் பின்னால் எதிர்த்து அழுத்தினாலும் செயின் வலப்பக்க அச்சை முன்னோக்கியே இழுக்கிறது. மேல் செயினோ கீழ்ச் செயினோ, இழுப்பின் திசை ஒன்றுதான். வலப்பக்க நட்டு ஒரு துளி நழுவினாலும் சக்கரம் கோணலாகி, டயரின் முன்பகுதி இடப்பக்கக் குழாயை நோக்கிச் சாயும். உரசினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கால்கள் பெடலில் பட்டையால் கட்டப்பட்டிருக்கும்போது சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்வது எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துக்கு 4 மி.மீ. என்பது என் கீழ் எல்லை. அத்துடன் அச்சை இழுத்துப் பிடிக்கும் திருகு ஒன்றும் கட்டாயம்.

அதாவது இருந்த நிலையில் 28-கூட இந்தப் பிரேமில் நியாயமாக அடங்கவில்லை. இந்த இடத்தில் பலர் கைவிட்டு 25-க்குத் திரும்பிவிடுவார்கள்.

இரண்டு பல் குறைத்தால் என்ன ஆகும்

செயினின் ஒரு கண்ணி 12.7 மி.மீ. செயின் வீலிலோ பின் பல்சக்கரத்திலோ ஒரு பல் குறைந்தால், சுற்றிக்கொள்ளும் செயினில் அரைக் கண்ணி மிச்சமாகும். அது மேலும் கீழுமாக இரண்டாகப் பிரிவதால் அச்சு 3 மி.மீ. சொச்சம் பின்னால் போகும். இரண்டு பல் குறைந்தால் 6 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. வளைவுகளின் சிறு திருத்தத்தையும் சேர்த்தால், இந்தச் சைக்கிளில் 48-ஐ 46 ஆக்கினால் 7 மி.மீ. வருகிறது. அச்சு 388-இலிருந்து 395-க்குப் போனது.

இந்த 7 மி.மீ. இரண்டு இடத்தில் பலன் தந்தது. சீட் குழாய்க்கும் டயருக்கும் நடுவே 28 மி.மீ. டயருடன் சுமார் 10 மி.மீ. கிடைத்தது. பின்குழாய்கள் கிராங்கிலிருந்து பின்னோக்கி விரிந்துகொண்டே போகின்றன. டயர் பின்னால் நகர்ந்ததால், அதன் அகலமான பகுதி குழாய்கள் இன்னும் விரிந்திருக்கும் இடத்துக்கு வந்தது. அங்கே உள் இடைவெளி 35 மி.மீ. பக்கத்துக்கு 4. எல்லை தொட்டாயிற்று. ஒரு மி.மீ.தானே என்று தோன்றலாம். இந்த அளவில் பேசும்போது ஒரு மி.மீ.தான் எல்லாம்.

பின் பல்சக்கரத்தை 17 ஆக்கி முன்னால் 49 போடலாமே என்று விவரம் தெரிந்த வாசகர் கேட்கக்கூடும். 49×17, 46×16 இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதம். பற்கள் பெரிதானால் செயினும் பல்லும் மெதுவாகத் தேயும் என்பதும் உண்மை. ஆனால் மொத்தப் பல் 64-இலிருந்து 66 ஆகிறது, அச்சு முன்னால் வருகிறது, இரண்டு கண்ணி நீளமான செயின் போட்டால்தான் பழையபடி பின்னால் போகும். இரண்டு பல்சக்கரமும் புதிதாக வாங்க வேண்டும். ஒரே ஒரு செயின் வீலை மாற்றி முடியும் வேலைக்கு அவ்வளவு செலவு தேவைப்படவில்லை.

அகலமான டயர் கியரையே பெரிதாக்குகிறது என்பதையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். 23 மி.மீ. டயரின் சுற்றளவு வழக்கமான அட்டவணையில் 2,096 மி.மீ.; 28-க்கு 2,136. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் 48×16-இல் 23 டயருடன் 6.29 மீட்டர் போகும். அதே பல்லில் 28 போட்டால் 6.41. இருபது கியர் உள்ளவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. ஒரே கியரோடு வாழ்பவருக்கு, அதுவும் ஹெய்ட் மேட்டில் மாலை நேரத்தில் திரும்பி ஏறுபவருக்கு, முழங்காலில் தெரியும். 46×16-இல் 28 டயருடன் 6.14 மீட்டர். பழையதைவிடச் சற்றே லேசு. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 33 கி.மீ. வருகிறது, நகரத்துக்கு அதற்கு மேல் வேண்டாம்.

ஒரே இடத்தில் தேய்ந்த டயர்

இந்த ஆய்வில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி இதுதான். அவர் 32 கேட்டதற்கு முதல் காரணம் தேய்மானம். தடித்த, அகலமான டயர் அதிக நாள் வரும் என்று நினைத்தார்.

பிக்ஸட் கியரில் காலால் சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கும்போது, ஓட்டுபவர் எப்போதும் ஒரே பெடல் நிலையில்தான் பூட்டுவார். இரண்டு கிராங்கும் தரைக்கு இணையாக, அவருக்குப் பழக்கமான கால் முன்னால். அந்த நிலையில் டயரின் எந்தப் பகுதி தரையைத் தொடுகிறதோ அதுதான் தேயும். 48×16 என்பது 3-க்கு 1. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாக மூன்று சுற்று. ஆகவே ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடம்தான் கீழே வந்து நிற்கும். ஆண்டு முழுவதும் சறுக்கினாலும் ஒரே ஒரு தழும்பு. நூல் தெரிந்த இடம் அதுதான்.

கணக்கு எளியது. முன்பல்லையும் பின்பல்லையும் பின்னமாக எழுதி, சுருக்க முடிந்தவரை சுருக்க வேண்டும். கீழே நிற்கும் எண்தான் டயரில் தேயும் இடங்களின் எண்ணிக்கை. 48/16 சுருங்கி 3/1 ஆகிறது, ஓர் இடம். 46/16 சுருங்கி 23/8, எட்டு இடம். சுருங்கிய பின்னத்தின் மேல் எண் ஒற்றைப்படையாக இருந்து, ஓட்டுபவர் இரண்டு காலையும் மாற்றி மாற்றி முன்னால் வைத்துச் சறுக்கப் பழகியிருந்தால், எண்ணிக்கை இரட்டிப்பாகும், 46×16-இல் பதினாறு. 17 பல் கொண்ட பின் பல்சக்கரம் இதனால்தான் மெசஞ்சர்களுக்குப் பிடித்தமானது. 17 பகா எண், முன்னால் 34, 51 தவிர எது போட்டாலும் குறைந்தது 17 இடம் கிடைக்கும்.

இப்போது அகலத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மொத்த எடை 88 கிலோவில் 55 சதவீதம் பின்சக்கரத்தில் என்று வைத்தால் 48 கிலோ சொச்சம். டயர் தரையில் பதியும் பரப்பு, எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் ஏறக்குறைய கிடைக்கும். 110 பிஎஸ்ஐயில் சுமார் 625 சதுர மி.மீ.; 80 பிஎஸ்ஐயில் சுமார் 860. சறுக்கும்போது உதிரும் ரப்பரின் அளவு எடையையும் சறுக்கும் தூரத்தையும் பொறுத்தது. பரப்பு பெரிதானால் அதே ரப்பர் மெல்லிதாகப் பரவி உதிரும். ஆக அகல டயரும் குறைந்த காற்றும் தரும் ஆதாயம் 1.4 மடங்குக்கும் குறைவு. இரண்டு பல் குறைத்ததால் வந்த ஆதாயம் எட்டு மடங்கு. தேய்மானம்தான் கவலை என்றால் டயர் கடைக்குப் போகும் முன் செயின் வீலை மாற்ற வேண்டும்.

48×16-ஐ விட மனமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. செயினைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே சுழற்றி மறுபடி மாட்டினால் தேயும் இடம் நகரும். ஒவ்வொரு மாதமும் இதைச் செய்ய நினைவு வைத்திருப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

காற்றும் முன்சக்கரமும்

அகலத்தை மாற்றிவிட்டுப் பழைய காற்றையே அடித்தால் வாங்கிய அகலம் வீண். டயரின் துணிச் சுவரில் ஏறும் இழுவிசை, அழுத்தத்தையும் அகலத்தையும் பெருக்கியதைப் பொறுத்தது. 23 மி.மீ.யில் 110 பிஎஸ்ஐ தந்த அதே விறைப்பை 28 மி.மீ.யில் 90 பிஎஸ்ஐயே தந்துவிடும். அந்த விறைப்புதான் கையை மரக்கச் செய்தது என்பதால் அதற்கும் கீழே இறங்க வேண்டும். எடை ஏறியதும் டயரின் உயரம் சுமார் 15 சதவீதம் அமுங்க வேண்டும் என்று சைக்கிள் எழுத்தாளர் பிராங்க் பெர்டோ வகுத்த விதி நல்ல தொடக்கப் புள்ளி. அதிலிருந்து சாலைக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, பின்னால் 80, முன்னால் 65 என்று நின்றோம். பின் டயரில் இன்னும் குறைத்தால் சறுக்கும்போது டயர் பக்கவாட்டில் அசைவது அவருக்குத் தெரிந்தது.

முன்சக்கரத்துக்கு 32 போட முடியுமா என்பதையும் பார்த்தோம். போர்க்கின் கால்களுக்கு நடுவே அடங்கும், காலிப்பருக்கு அடியில் அடங்காது. 47 முதல் 57 மி.மீ. எட்டும் நீளக் கை காலிப்பர் வாங்கினால் வளைவின் அடியில் இடம் கூடும். ஆனால் இந்தப் போர்க்கில் பிரேக் துளை ரிம்முக்கு அருகிலேயே இருக்கிறது, அதன் ரப்பர்க் கட்டைகள் ரிம்முக்குக் கீழே போய்விடும். முன் பிரேக்கையே எடுத்துவிட்டு 32 போடலாம் என்றார். நான் மறுத்துவிட்டேன்.

காலின் நுனி முன்சக்கரத்தில் இடிப்பது இன்னொரு சிக்கல். டிராக் பிரேமில் முன்சக்கரம் மிக அருகில் நிற்கும், 23-இலேயே கூர்மையாகத் திரும்பும்போது இவருடைய காலணி உரசியது. 28-இல் டயர் 4 மி.மீ. இன்னும் அருகில் வருகிறது. பெடலை நிறுத்தி வைத்துத் திரும்ப முடியாத சைக்கிளில் இதை அலட்சியம் செய்யக்கூடாது. வேகமாகப் போகும்போது கைப்பிடி அவ்வளவு திரும்பாது, ஆபத்து நடைவேகத் திருப்பத்தில்தான். கிராங்க் ஏற்கெனவே 165, அதற்குக் கீழே போக அவர் விரும்பவில்லை. பெடல் பட்டைக்குள் காலை ஒரு விரல் பின்னால் தள்ளி வைத்தோம். குறுகலான இடத்தில் திரும்ப வேண்டுமானால் இறங்கித் திருப்பிக்கொள்கிறார். இது தீர்வு அல்ல, இந்தப் பிரேமோடு வரும் விலை.

டிராம் தண்டவாளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பெரிய நம்பிக்கைகள் உலவுகின்றன. தண்டவாளத்தின் பள்ளம் 23-ஐ விழுங்குவது போலவே 28-ஐயும் 32-ஐயும் விழுங்கும். கடக்கும் கோணம்தான் காப்பாற்றும். முடிந்தவரை செங்குத்தாக, கைப்பிடி நேராக, மிதிப்பது சீராக. ஈரமான எஃகில் எந்த டயரும் பிடிக்காது என்பதால், மழைநாளில் டுபோஸ் தண்டவாளத்தின் மேல் சறுக்கிப் பார்க்கும் எண்ணமே வரக்கூடாது.

பொருத்தியதும் பிறகும்

இரண்டு சக்கரத்திலும் 28, ஆனால் ஒரே டயர் அல்ல. பின்னால் கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், பக்கச் சுவர் தடித்தது, சறுக்கலையும் ஓரத்துக் கண்ணாடித் துண்டையும் தாங்கும். முன்னால் பானரேசர் பசேலா, துணி மெல்லியது, சாலையின் சிறு அதிர்வுகளை நன்றாக உள்வாங்கும். முன் டயர் சறுக்குவதில்லை, அதற்குக் கவசம் தேவையில்லை. இரண்டிலும் தடித்த டயர் போட்டு, அகலத்தால் கிடைத்த மென்மையைப் பாதி இழப்பவர்கள் அதிகம். பின் அச்சில் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் திருகு மாட்டினோம்.

ஒரு மழைக்காலம் முழுவதும் ஓடிய பிறகு பின் டயரைக் கழற்றிப் பார்த்தோம். தேய்மானம் எட்டு இடத்தில் பரவியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் அந்த இடங்கள் தெரிந்தன. இரட்டைத் துளை பஞ்சர் வரவில்லை. கை மரத்துப்போவது நின்றுவிட்டதாகச் சொன்னார். அதில் எவ்வளவு டயரால், எவ்வளவு காற்றைக் குறைத்ததால் என்று பிரித்துச் சொல்ல இயலாது, இரண்டும் சேர்ந்தே வந்தவை. இடப்பக்கக் குழாயின் உள்பக்கத்தில் உரசிய தடம் எதுவும் இல்லை.

இனி அவர் கவனிக்க வேண்டியது செயினை. 94 கண்ணிச் செயின் 0.75 சதவீதம் நீண்டால் மொத்தத்தில் 9 மி.மீ. கூடும். இறுக்கும்போது அச்சு 4.5 மி.மீ. பின்னால் போகும், டயருக்கு இடம் கூடிக்கொண்டே வரும். அதைப் பார்த்து 30 போடலாம் என்று ஆசை வரும். புதிய செயின் மாட்டும் அன்று அச்சு மறுபடி 395-க்கே திரும்பும், பக்கத்து இடைவெளி 4 மி.மீ.க்கே சுருங்கும். அளவுகோலை எடுக்க வேண்டிய நாள் அதுதான்.